கட்டிலுக்கடியில் கிடக்கும் தொட்டில்

உடுவில்,
12.10.2024

அன்பு மகள் சாருஜாவுக்கு,

நீயும் உன் வயிற்றிலுள்ள பிள்ளையும் மருமகன் ஜெயசுதனும் குறைவின்றி இருக்க வேண்டுமென்பதே எங்கள் அன்றாட வேண்டுதல். இங்கு அம்மாவும் நானும் உடலளவில் சுகம். மனதளவிலும் சுகம் என்று எழுதினால் அது பொய்ச் சத்தியமாகும், ஆகவே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கேள்வி முடியுமுன்னர் "அப்பா, வீட்டுக்குள்ளை கோட்டு விசாரணை நடத்தாதேங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாய். எழுத்தை இடையில் வெட்ட முடியாதென்பதால் எழுதுகிறேன். இதன் படம் இன்றே வாட்ஸ்அப்பில் வரும், மூலப்பிரதி தபாலில் வரும்.

நான் அறிந்த சங்கதிகள் இவை. ஜெயசுதனின் அக்கா தன் மூன்று பிள்ளைகளும் வளர்ந்த தொட்டிலை, ராசியானது என்று சொல்லி, கழற்றிக் கொடுத்திருக்கிறார். அது இரண்டு மாதமாக உங்கள் கட்டிலுக்கடியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பூட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன், பிள்ளை பிறந்த பிறகுதான் பூட்டலாம் என்றாய். போல்ட்டுகளையாவது எண்ணச் சொன்னேன். மருமகன் எண்ணினார். பூட்டும் முறை காட்டும் படத்தில் பதினாறு, பையில் பதினான்கு. அதற்கு அவர் சொன்ன மறுமொழி: "அது ஒண்டும் செய்யாது மாமா, ரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினால் காணும்." படித்த மனிதர், பொறியியலாளர். வேலைத்தலத்தில் ஒரு பாலத்தை இப்படிக் கட்டுவாரா என்று கேட்க நினைத்தேன், மருமகன் என்பதால் விட்டேன். உன்னிடம் அந்தத் தயவு எனக்கில்லை.

இந்த "பிறந்த பிறகு" என்ற சட்டத்தை இயற்றியவர் உன் அம்மா என்பதை விசாரித்தறிந்தேன். தலைப்பிள்ளை பிறக்குமுன் வெறுந்தொட்டில் வைக்கக் கூடாதாம். அப்படியானால் பத்தியக் கறிக்கான பிள்ளைப்பெற்ற சரக்கை மட்டும் போன கிழமையே இடித்துப் பொதி கட்டியது எப்படி என்று கேட்டேன். "சரக்கு தாய்க்கு, தொட்டில் பிள்ளைக்கு, உது தெரியாமலே இவ்வளவு காலமும் வழக்குப் பேசினனீங்கள்" என்றா. அந்தக் குறுக்கு விசாரணையில் நான் தோற்றதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை யோசி. அந்த வழக்கம் ஏணைக்கு உண்டானது. ஒரு சேலை, ஒரு கயிறு, மேலே கூரை வளை. பிள்ளை வீட்டுக்கு வந்தபின் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம், பொறுத்திருப்பதால் ஒரு நட்டமுமில்லை. பதினாறு போல்ட்டில் நிற்கும் தொட்டில் அப்படியல்ல. மூன்று நாள் நித்திரையில்லாத ஒருவர், ஒரு கையில் பால்போத்தலோடு, வாசிக்காத படத்தைப் பார்த்துப் பூட்டப் போகிறார். அதற்குள்ளா என் பேரப்பிள்ளையைக் கிடத்துவாய்?

நான் சட்டத்தரணித் தொழிலோடு பதினொரு வருடம் திடீர் மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தது உனக்குத் தெரியும். அந்த வேலையை வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. இன்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். புத்தூர்ப் பக்கம், ஐந்து மாதப் பிள்ளை, சொந்தக்காரர் கொடுத்த தொட்டில். ஒரு பக்கத்துப் போல்ட் தொலைந்துபோய்க் கம்பியால் கட்டியிருந்தார்கள். பக்கம் விலகி, மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் பிள்ளை இறங்கிவிட்டது. தகப்பன் வாக்குமூலத்தில் வேறொன்றும் சொல்லவில்லை. "ஐயா, இறுக்கித்தான் கட்டினனான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதை என் கையால் எழுதினேன். கேபிள் டை என்ற சொல்லைக் கேட்டபின் உன்னிடம் நான் ஏன் சத்தம் போட்டேன் என்று இனியாவது விளங்கிக்கொள்.

ஆகவே, அந்தத் தொட்டிலை இன்னொருவருக்குக் கொடுக்காமல் உடைத்து எறியுங்கள். உன் மச்சாள் கோபித்தால் என்னோடு கதைக்கட்டும். புதிதாக ஒன்று வாங்கி இந்தக் கிழமையே பூட்டுங்கள். மெத்தை இறுக்கமானதாக, சட்டத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அது பிழையான மெத்தை. தலையணை, தடித்த போர்வை, சுற்றிக் கட்டும் பஞ்சு, அம்மா அனுப்பிய யானைப் பொம்மை ஒன்றும் உள்ளே வேண்டாம். யன்னல் திரைக் கயிறு எட்டாத இடத்தில் வை. பிள்ளையை மல்லாக்கக் கிடத்து. பூட்டியபின் ஜெயசுதன் இரு கையாலும் பிடித்து உலுப்புவதை நான் வீடியோவில் பார்க்க வேண்டும்.

அம்மா இதுவரை எழுதியதை வாசித்தா. புத்தூர்ச் சங்கதி அவவுக்கும் இன்றுதான் தெரியும். "பூட்டட்டும், ஆனால் தோஷம் வந்தால் ஆர் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டா. அது நியாயமான கேள்வி, விடையைக் கீழே எழுத்தில் தருகிறேன்.

எங்கள் குலதெய்வம் உன்னையும் பிள்ளையையும் இரு உயிராகப் பிரித்துச் சுகமாகத் தரட்டும். இரும்புச்சத்துக் குளிசையை மறவாதே. வெள்ளிக்கிழமை உன் அழைப்பை எதிர்பார்ப்பேன், இடையில் வைத்துவிடாதே.

பிள்ளை பிறக்குமுன் வெறுந்தொட்டில் வைத்ததால் உண்டாகக்கூடிய தோஷம் எதுவாயினும், அது தாயையோ பிள்ளையையோ சாராமல் முழுவதும் என் ஒருவன் தலையிலேயே சேரக்கடவது என்று, சுயபுத்தியோடும் எவருடைய வற்புறுத்தலுமின்றியும் இதில் கையொப்பமிடுகிறேன்.

உன் அப்பா,
வே. நடராசா

சாட்சி: ந. மீனாம்பிகை (உன் அம்மா)