மாதிரிக்கு ஒரு கதை

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே அதை வரவழைத்துக்கொண்டாய். சொன்னால் கேட்கமாட்டாய்.

என் புதுப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்கிறார்கள். எல்லாம் நான் நடத்தும் சனிக்கிழமை எழுத்து வகுப்பின் புண்ணியம். அடுத்தவர் எழுத்தில் 'இந்த வரி எதற்கு?' என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் என் வரிகளே என்னை முறைக்கின்றன. முதல் பத்தியைத் தூக்கி எறி, கதை இரண்டாவதில்தான் தொடங்கும் என்பதே அங்கே சொல்லிக் கொடுக்கப் போய் நான் கற்றதுதான்.

நீ ஏன் எழுதுவதை விட்டாய்? நன்றாகத்தானே எழுதினாய்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 19

அண்ணாவுக்கு,

புத்தகம் படித்தேன். நன்றாக இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் வாராவாரம் ரயிலேறி உன் வகுப்புக்கு வருகிறாள். நான் உன் தங்கை என்று அவளுக்குத் தெரியாது. நேற்று சாப்பிடும்போது நாலு ஜெராக்ஸ் தாளை நீட்டினாள். "அக்கா, எப்படி எழுதக்கூடாதுன்னு சார் வருஷா வருஷம் இதைத்தான் காட்டுவாராம். படிச்சுப் பாருங்க, சிரிச்சே வயிறு புண்ணாயிடும்."

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கடைசியாகக் கூட்டிவந்ததைப் பற்றி நான் எழுதிய கதை. என் பெயரை மட்டும் அடித்திருந்தாய். நிலா அழுதது என்று எழுதியிருந்தேனே, அங்கே வகுப்பே சிரித்ததாம். ஓரத்தில் உன் கையெழுத்தில் குறிப்புகள். எல்லாமே சரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று இதை உன்னிடம் தந்தபோது "பிரமாதம், ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே" என்றாய். தொடாமல் அப்படியே அனுப்பினேன். எல்லாப் பத்திரிகையும் திருப்பி அனுப்பியது. எனக்கு வராது என்று பேனாவை மூடி வைத்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு என்ன கேடு?

தங்கை

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

இங்கே இரண்டு நாளாக விடாத மழை. ஜன்னலோரம் உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனித மனம்தான் எத்தனை விசித்திரமானது.

அப்போது அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுதுகொண்டே நீட்டினாய். குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? பிறகு வகுப்புக்கு மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. என் எழுத்தையே வைத்தால் மாணவர்கள் மதிப்பார்களா? உன் கதையில் எல்லாத் தப்புகளும் ஒரே இடத்தில் இருந்தன. அவற்றை விளக்கி விளக்கித்தான் என் கை திருந்தியது. ஒரு வகையில் இந்தப் புத்தகத்தில் உனக்கும் பங்கு உண்டு. அதை நினைத்துப் பெருமைப்படக் கூடாதா? பழசைக் கிளறாதே. இருப்பது நாம் இரண்டே பேர்.

என்றும் உன் அன்புள்ள
அண்ணன்

ஏப்ரல் 5

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை உன் பாடப்படியே திருத்தினேன். முதல் பத்தியில் மழை பெய்தது, அடித்தேன். அடுத்ததில் உன் பக்கத்து நியாயம். 'இந்த வரி எதற்கு?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒன்றும் தேறவில்லை. மன்னித்துவிடு என்று எங்காவது இருந்தால் அதை மட்டும் விட்டுவைக்கலாம் என்று தேடினேன்.

கடைசியில் கையெழுத்துதான் மிச்சம். அதிலும் 'என்றும்', 'அன்புள்ள' எல்லாம் போய் 'அண்ணன்' மட்டும் நிற்கிறது. அது பிறப்பிலேயே வந்தது, அடிக்க முடியவில்லை.

திருத்திய தாள் இத்துடன் வருகிறது. வகுப்பில் இனி மாதிரிக்கு அதை வைத்துக்கொள். அம்மா கதையைத் திருப்பி அனுப்பிவிடு. நான் அதை முதலிலிருந்து எழுத வேண்டும்.

தங்கை