தோள் கொடுத்த நாளின் வெயில்

அப்பா,

இன்று காலை பீரோவுக்குப் பின்னாலிருந்து உங்கள் கறுப்புக் குடையை எடுத்து விரித்தேன். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. துணியில் இன்னும் தேங்காய் எண்ணெய் வாசனை. உங்கள் மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டதாக நினைத்திருந்தேன். குறையவில்லை.

உங்கள் நாக்கில் புற்றுப்புண் வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் அதே நோயைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். சதைப் பரிசோதனை முடிவு வந்த அன்று, ஜெயங்கொண்டம் பஸ்ஸில் உங்களுக்கு விளக்கினேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பி53 என்று ஒரு காவல் புரதம் உண்டு. செல் கெட்டால் வளரவிடாமல் நிறுத்தும், திருத்த முடியாவிட்டால் சாகச் சொல்லும், உங்கள் கட்டியில் அது பழுதாகிவிட்டது என்றேன். முந்திரிக் காய்ப்பில் தோப்புக்குக் காவல் இருந்தவர் நீங்கள். உடனே பிடித்துக்கொண்டீர்கள்.

"அப்ப நம்ம காவக்காரன் தூங்கிட்டான்னு சொல்லு."

"ஆமாப்பா. ஆனா ஒடம்புல வெளிச்சம் பாய்ச்சுற வைத்தியம் ஒண்ணு இருக்கு, அதுல அவன் இல்லன்னாலும் கெட்ட செல்லு சாவுதுங்க. எல்லாம் சாவுமான்னுதான் நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்."

"பாத்துச் சொல்லு பாப்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சிரித்தீர்கள்.

மருந்தை நரம்பில் ஏற்றி, பிறகு நாக்கின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்தில்தான் அந்த மருந்து வேலை செய்யும். வெயிலும் ஒளிதான். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை, ஒரு மாதத்துக்கு, பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது என்று டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டிவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன். கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. மிச்சத்துக்கு இன்னொரு முறை ஒளி கொடுத்தால் போதும் என்றார்கள்.

அந்த மாதத்தில்தான் பெரியப்பா இறந்துபோனார். எல்லையில் நின்ற ஒரே ஒரு முந்திரி மரத்துக்காக நீங்கள் வருடக்கணக்கில் முகம் பார்க்காத உங்கள் அண்ணன். நீங்கள் குடையோடுதான் போனீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பாடை தூக்குகிறவன் சட்டை போடுவானா, குடை பிடிப்பானா? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்று மார்போடு, சுடுகாடு வரைக்கும் உச்சி வெயிலில் நடந்திருக்கிறீர்கள். பின்னால் குடை விரித்து ஓடிவந்த சித்தப்பாவை, "தள்ளிப் போடா, எங்கண்ணன் வெயில்ல போவுது" என்று விரட்டினீர்களாம்.

சாயங்காலம் தோளும் கழுத்தும் கொப்பளித்தபோது, முந்திரிக்கொட்டைப் பால் பட்ட மாதிரிதான் இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டீர்கள். சேதி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது தோல் உரிந்து கிடந்தது.

புண் ஆறியது. ஆனால் இரண்டாவது முறைக்கு நீங்கள் வரவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன்.

"இன்னொரு மாசம் இருட்டுல கெடக்க என்னால ஆவாது பாப்பா. கண்ண மூடுனா அண்ணன்தான் வருது. உசுரோட இருக்கறப்ப ஒரு நட போயிருந்தா, அன்னிக்கு நான் வூட்டுலயே இருந்திருப்பேன்."

விட்டுவைத்த மிச்சம் கழுத்துக்கு இறங்கியது. அடுத்த முந்திரிக் காய்ப்புக்கு நீங்கள் இல்லை. அந்தப் புரதம் விழித்திருந்தாலும் உறங்கினாலும் உங்களைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது, அப்பா. அதை நீங்களே கை நழுவ விட்டீர்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். வெயிலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ஊரில் யாராவது முடியாமல் கிடக்கிறார்களா, பேசாமல் இருக்கும் பங்காளி உண்டா என்று கேட்கிறேன். டாக்டர்கள் சிரிக்கிறார்கள். போன வாரம் தா.பழூரிலிருந்து வந்தவர், "ஒரு அண்ணன் இருக்காருங்க" என்றார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. மருந்த அப்புறம் ஏத்திக்கலாம்" என்றேன்.

நேற்று திரும்பி வந்தார். கூடவே, அவர் பையைத் தூக்கிக்கொண்டு, அவருடைய அண்ணனும் வந்திருந்தார். மருந்து ஏற்றி ஊர் திரும்பும்போது அண்ணன் தம்பிக்குப் பிடிக்கட்டும் என்றுதான் இன்று இந்தக் குடையைத் தேடி எடுத்தேன்.