ஈரக் கைக்கு எட்டாத பட்டன்

நேற்று உன் ஃபோன் உறையைப் பிரித்ததும் இறால் வாடை அடித்தது. உன் நைனாதான் கொண்டுவந்து கொடுத்தார். "அவன் கடசியா பேசுனது இன்னும் வரலியாமே? இதுல போட்டுக் குடுப்பா. தொழிலுக்குப் போவசொல்லோ கேக்கணும்" என்றார்.

மச்சி, நம் முதல் பாட்காஸ்ட் நினைவிருக்கிறதா? வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி மிக்ஸ் செய்துவிட்டு, பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். நீ படகில் கேட்டுவிட்டுக் கரையேறியதுமே கத்தினாய்.

"டேய், நீ பேசுனா கொசு, நான் சிரிச்சா வெடி! இன்ஜின் சத்தத்துல நீ கேக்கலன்னு சவுண்டு ஏத்துனா, என் சிரிப்பே என் காதக் கிழிக்குது. கையில வலை, கை பூரா ஈரம். பட்டன் அமுக்க மூணாவது கையா கீது எனக்கு? காலேஜ விட்ட, சரி. காதையும் அங்கியே வுட்டுட்டியா?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து அதுதான் நம் சட்டம்: ஈரக் கை பட்டனைத் தேடக் கூடாது. உன் குரல் பதிவான டிராக், என் டிராக் இரண்டையும் தனித்தனியாக அளந்து சமமாக்குவேன். உன் சிரிப்பின் உச்சியைத் தட்டி அடக்குவேன். கடைசியில் மொத்தத்தையும் ஒலியளவு மீட்டரில் பாட்காஸ்டுக்கு வழக்கமான மைனஸ் பதினாறுக்குக் கொண்டுவருவேன். மீட்டர் சரி என்றாலும், நீ படகில் கேட்டு "ஓகேடா" சொன்னால்தான் வெளியிடுவோம்.

கடைசிப் பதிவில் நீ பேசியது மஞ்சள் காமாலையோடு, கட்டிலில் படுத்தபடி. "வேணாம்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். "பேசுறது வாய்தானே, ஈரலா?" என்றாய்.

நீ போனபிறகு அதைத் திறக்கவே எனக்குத் தைரியமில்லை. நைனா கேட்டதால் நேற்று திறந்தேன். இந்த முறை நீ கொசு, நான் வெடி. உன் டிராக்கை மொத்தமாக ஏற்றினால் மேலே சுற்றிய ஃபேனும் சேர்ந்து இரைகிறது. ஏற்றாமல் விட்டால் இன்ஜின் சத்தத்தில் நைனாவுக்கு மகன் கேட்கமாட்டான்.

சொல் சொல்லாக ஏற்றினேன். நடுவில் நீ நிறுத்திய இடங்களில் இறக்கினேன். மூச்சு வாங்குவதை வெட்டவில்லை, அதுவும் நீதானே. ஓரிடத்தில் சின்னதாகச் சிரித்திருக்கிறாய். எப்போதும் அடக்குகிற சிரிப்பை முதன்முறையாக ஏற்றிவிட்டேன்.

இன்று நைனாவோடு நானும் படகில் போனேன். இன்ஜின் ஓட, ஃபோனில் நாம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கை வலையை விட்டு நகரவேயில்லை. உன் சிரிப்பு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது... பக்கத்துல குந்திகினு பேசுறா மாதிரி கீதே."

மீட்டர் பார்க்க யாரும் கற்றுக்கொள்ளலாம். யாருக்காகப் பார்க்கிறோம் என்பது எனக்கு உன்னால் தெரிந்தது. நன்றிடா. பொன்னேரியில் யார் யாருக்கோ மிக்ஸ் செய்து கொடுக்கிறேன் இப்போது. முடித்ததும் பக்கெட் தண்ணீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டுதான் கேட்கிறேன். கை பட்டனைத் தேடி வெளியே வந்தால், துடைத்துக்கொண்டு மறுபடி மிக்ஸ் செய்ய உட்கார்ந்துவிடுகிறேன்.