உன் தகட்டை நான் கழற்றவில்லை

இயேசு மரி சூசை துணை

கல்கூர்லி,
அக்டோபர் 9

மகன் ரெனாட்டோவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், இறால் படகு வேலையில் கடல் காற்றும் இறால் சாப்பாடும் உடம்புக்கு நல்லது. இங்கே நாங்களும் நலம் என்று எழுத வந்தேன், பொய் சொன்னால் பாவம் என்று விட்டுவிட்டேன். உன் அக்கா புருஷன் காலின், காலில் மாவுக்கட்டோடு என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். சுரங்கத்துக்குள் உன்னைத் தேடி இறங்கியபோது ஏணியில் வழுக்கி உடைத்துக்கொண்ட கால், இன்னும் ஐந்து வாரம் கட்டைப் பிரிக்கக் கூடாதாம். உன் அக்கா லூசியா என்னோடு பேசுகிறாள், உன் பெயரை எடுத்தால் மட்டும் தட்டுக் கழுவ எழுந்து போய்விடுகிறாள்.

உன் கடிதம் வந்தது, நாலே வரி. கித்தாரை அனுப்பு, சுரங்கத்துக்குப் போய்ப் பலகையில் தொங்கும் என் பெயர்த் தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிடு, ஒரு பித்தளைத் துண்டுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டிருக்கிறாய். இறங்கும்போது மாட்டி ஏறியதும் கழற்றுகிற தகடு அது, ஒன்று தொங்கினாலும் ஒரு ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள், வெடி வைக்க மாட்டார்கள். உன் அப்பா இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள் மறந்ததில்லை. நீ பல்வலி என்று பாதி வேலையில் மேலே வந்தாய், தகட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு லாரிக்காரனோடு கிழக்கே போனாய். ஆறு மணி நேரம் தேடினார்கள். நான் சுரங்க வாசலில் நின்று பதினான்கு ஜெபமாலை சொன்னேன், எண்ணித்தான் சொன்னேன். பதினைந்தாவது பாதியில் தேடுவதைக் கேள்விப்பட்டு நூறு மைலுக்கு அப்பால் இருந்து ஒரு பெட்ரோல் கடைக்காரி ஃபோன் செய்தாள், உங்க பையன் மத்தியானமே இங்க சாஸ் ஊத்தி ரெண்டு பர்கர் தின்னுட்டுப் போனாரேம்மா என்று. மீதி ஜெபத்தையும் சொல்லி முடித்தேன், உனக்காக அல்ல, தேட இறங்கியவர்களுக்காக.

போன சனிக்கிழமை மாதா சங்கத்துப் பெண்கள் பஸ் வைத்து டூலிஸ் ஃபைண்ட் என்கிற பழைய தங்க ஊரையும் பிறகு சுரங்கத்தையும் பார்க்கப் போனார்கள், நானும் போனேன், வேடிக்கை பார்க்க அல்ல, உன் தகட்டைக் கழற்ற. டூலிஸ் ஃபைண்டில் இப்போது ஒரு மதுக்கடையும் ஈக்களும்தான் மிச்சம். அங்கே பழைய தபால் ஆபீசில், அந்தக் காலத்தில் தங்கம் தேடி வந்தவர்கள் வாங்காமல் போன கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன், தங்கம் கெடைச்சவன் குடிக்கப் போயிட்டான், கெடைக்காதவன் அடுத்த ஊருக்கு ஓடிட்டான், அம்மா கடுதாசிய எவன் படிச்சான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தத் தாடியைப் பிய்த்து எறியவேண்டும் போலிருந்தது, அவனுடையதை மட்டுமல்ல, உன்னுடையதையும்.

சுரங்கத்தில் நாங்கள் போய் நின்றபோது வெடி நேரம். உன் மேஸ்திரி மெர்வ் பலகையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறான், நாப்பத்தோரு பேரு வெளியில, ஒருத்தரு கடற்கரையில இறால் உரிச்சிக்கிட்டிருக்காரு, வெடிங்கடா என்று. ஒவ்வொரு வெடிக்கும் இதேதானாம், நாற்பத்தொரு பேரும் சிரிக்கிறார்கள். உன் அப்பாவைக் கடைத்தெருவில் கண்டாலும், இறால் என்ன வெல பத்திஸ்டா என்கிறார்களாம். அவர் இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

தகட்டைக் கேட்டேன். மெர்வின் சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கறுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தான். மிஸஸ் பெத்ரினி, மாட்டுன கைதான் எடுக்கணும், அதுதான் இங்க வழக்கம், வேற கை எடுத்தா இதுல கையெழுத்துப் போடணும், மொதல்ல வாசிச்சிப் பாத்துடுங்க என்றான். ஜெபப் புத்தகத்தில் விரல் வைத்துத் தானாக எழுத்துப் படித்தவள் நான், இதையும் விரல் வைத்தே படித்தேன். ஒன்பது கையெழுத்து, ஒன்பதும் பெண்கள். மனைவி, தாய், தாய், மனைவி என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. கடைசிக் கையெழுத்து ஜெஸ்ஸி டன்ஸ்டனுடையது, வியாழன்தோறும் நம் வீட்டில் தேநீர் குடிக்கிறாளே அவள்தான், உன்னோடு பள்ளியில் படித்து, சுரங்கத்தில் இறங்கி உயிரோடு ஏறி வராத அவள் மகன் ஆலனுக்காகப் போட்டது. பஸ் சுரங்க வாசலில் நின்றதும் தலைவலி என்று அவள் மட்டும் இறங்கவில்லை, ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவளுடைய பெயருக்குக் கீழே, பர்கர் தின்றுவிட்டுப் போனவனுக்காக என் பெயரை எழுத மாட்டேன். இதைத்தான் நீ என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறாய், தெரியாமல் சொன்னேன் என்று எழுதாதே, நாலு வருஷம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றவன் நீ.

டிசம்பர் நாலாம் தேதி, சுரங்கக்காரர்களைக் காக்கிற புனித பார்பரா திருநாளன்று பலகையைப் புதிதாக மாற்றுகிறார்கள். அதுவரைக்கும் அவரு பேரு தொங்கட்டும், அப்பவும் வரலன்னா நானே கழத்திக் குப்பையில போட்டுடுவேன், அப்புறம் இந்தப் பக்கத்துல எந்தச் சுரங்கத்துலயும் ஒருத்தனும் அவரோட சேந்து கீழ எறங்குற கூண்டுல ஏறமாட்டான் என்றான் மெர்வ். வேலைக்குத் திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. வந்து, அந்த நாற்பத்தொரு பேர் பார்க்க உன் கையால் கழற்று, காலினிடம் மன்னிப்புக் கேள், அன்று சாயங்காலமே ரயிலேறு. கித்தார் இங்கேயே இருக்கும்.

ஞாயிறு பூசையை விடாதே, படகில் ஈரச் சட்டையோடு தூங்காதே. அந்தப் பல் உண்மையிலேயே வலித்ததென்றால் பிடுங்கிக்கொள், வலிக்கவில்லை என்றால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்.

உன் காவல் சம்மனசான தேவதூதர் உன்னைக் காக்கட்டும். எனக்கு இப்போது அதற்கு மனசு இல்லை, அவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். டிசம்பர் நாலு, மறக்காதே.

கறுப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாத உன் அம்மா,
எர்சிலியா