அருமைராசாவின் மரண அறிக்கை

மார்ச் 6, 1988

திருகோணமலையிலிருந்து தம்பி மனைவி புஷ்பவதியின் கடிதம். தம்பி அருமைராசா தை மாதம் எங்கள் வெளிப்படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்ததைப் பற்றித்தான். "வெறியிலை விழுந்தவராம். இஞ்சை எல்லாரும் கதைக்கினம். உண்மையோ மச்சாள்?"

வாடகை வீட்டுக்காரன் பொலிசிடம் சொன்ன குடிவெறிக் கதை, கனடாவில் மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஊர்வரை போய்விட்டது. நான் அன்று வேலையில். என்னத்தை எழுத?

மார்ச் 9

தையல் ஆலையில் கூட வேலை செய்யும், பிரெஞ்சு தெரிந்த தமிழ்ப் பெண் யோசெப்பினிடம் சொன்னேன். "திடீர்ச் சாவெண்டால் மரண விசாரணை அதிகாரி அறிக்கை எழுதுவார் அக்கா. அதை ஆரும் கேட்டு வாங்கலாம். ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை." பெயர், இறந்த தேதி, இடம் போதுமாம். பிரெஞ்சில் எழுதித் தந்தாள்.

வீட்டில் இவர் கத்துகிறார். "எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அரசாங்கத்தை ஏன் கிளறுறாய்?"

பயம் எனக்கும்தான். தபாலில் போட்டுவிட்டேன்.

மார்ச் 23

இன்றும் ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 11

பதில் வந்தது. யோசெப்பின் இன்று வரவில்லை; ஆலையில் வேறொருத்தி படித்துச் சொன்னாள்: அந்தப் பெயரில் அறிக்கை இல்லையாம். எப்படி இல்லாமல் போகும்? செத்தவனையும் இல்லையெண்டு சொல்லுவாங்களோ? இன்று தைத்ததெல்லாம் கோணல்.

ஏப்ரல் 12

கடிதத்தைப் பார்த்து யோசெப்பின் சிரித்தாள் — எனக்குக் கோபம். "தகப்பன்ரை பேரைக் குடும்பப் பேரெண்டு பதிஞ்சிருப்பினம். அப்பிடிக் கேட்டுப் பாப்பம்."

அப்பா பெயர் உருத்திரமூர்த்தி. மறுபடி எழுதினோம். இவரிடம் சொல்லவில்லை.

மே 20

வந்துவிட்டது! சாப்பாட்டு இடைவேளையில் யோசெப்பின் படித்துச் சொன்னாள். இரத்தத்தில் மதுவே இல்லை. படியில் ஐஸ். கைப்பிடி கழன்றிருந்தது. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

கடைசிப் பக்கத்தை அவள் மெதுவாகத்தான் படித்தாள். விழுந்த பிறகு நெடுநேரம் உயிர் இருந்திருக்கிறது. யாரும் காணவில்லை.

வீட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன். பிரெஞ்சு தெரியாமலே தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரனுக்குக் கொண்டுபோய்க் காட்டுவம். நானும் வாறன்" என்றார்.

மே 28

தந்தி அடித்துச் சொல்லிவைத்தபடி புஷ்பவதி திருகோணமலைத் தபாற்கந்தோருக்கு வந்திருந்தாள். தொலைபேசியில் கத்தித்தான் சொன்னேன். "அவன் குடிக்கேல்லை. அரசாங்கமே எழுதியிருக்கு!"

அவள் மெல்லக் கேட்டாள். "சாகேக்கை கஷ்டப்பட்டவரோ மச்சாள்? அதுவும் எழுதியிருக்கோ?"

"இல்லை. விழுந்த உடனேயாம்."

"அதை அனுப்பிவிடுங்கோ. உங்கடை அப்பாவுக்குக் காட்டவேணும்."

ஓம் என்றேன். கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றவற்றை உறையில் வைத்து ஒட்டினேன்.