மேசைக்கு அடியில் மகாராணி

அக்டோபர் 7

இன்று காலை மகாராணி மேபல் எனது அரண்மனைக்கு எழுந்தருளினார். எழுந்தருளிய வேகத்தில் சமையலறை மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். வரவேற்பு வளைவு இல்லை, வாத்தியம் இல்லை. தரையில் கொஞ்சம் மூத்திரம் மட்டும்.

அதற்குக் காரணம் நான்தான் என்கிறாள் மார்லா. மார்லா என் அக்கா மகள். கைவிடப்பட்ட நாய்களுக்குக் காப்பகம் நடத்துகிறாள். நல்ல வீடு அமையும்வரை அவற்றை வீட்டு வாழ்க்கைக்குப் பழக்க வேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு தலை தேவைப்படும். இம்முறை என் தலை.

மகாராணி பாதி வேட்டை நாய், ரக்கூனைத் துரத்தி மரத்தில் ஏற்றுகிற சாதி. மீதிப் பாதி எது என்று ஆண்டவருக்கே சந்தேகம். காது இரண்டும் எங்கள் மேற்கு வர்ஜீனியா மாநிலம் முழுவதையும் போர்த்தி மூடலாம் போல அவ்வளவு நீளம்.

"மாமா, இவ வாயே திறக்க மாட்டா. குரைக்கறதில்ல, ஊளையும் கிடையாது. சத்தம் போடாத வேட்டை நாயை வச்சு என்ன பண்றதுன்னு எவனோ மலைமேல விட்டுட்டுப் போயிட்டான்."

"சரியான இடத்துக்குத்தான் கொண்டாந்திருக்கே! இந்த வீட்டுல குரலுக்கா பஞ்சம்?" என்றேன். அப்போதுதான் அந்த மூத்திரம்.

"மாமா! நீங்க மெதுவா பேசினாலே மாட்டுச் சந்தை மாதிரி இருக்கு. ஆம்பளைக் குரல் கேட்டாலே இவ நடுங்குறா. இனிமே குசுகுசுன்னுதான் பேசணும்."

நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவியவன் நான். மைக் பழுதான ஒருநாள் நான் கூவிய கூவலில் ஆற்றுக்கு அக்கரையில் ஒருவன் எருதை வாங்கிவிட்டான். அவன் மாடு வாங்க வந்தவனே இல்லை, பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தவன். அப்பேர்ப்பட்ட குரலுக்கு இன்று முதல் வாய்ப்பூட்டு. ஆகவே கர்ஜனை எல்லாம் இனி இந்த டைரியில். தீவனக் கடையில் ஓசியாகக் கொடுத்தது. இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

போகும்போது வாசலில் நின்று மார்லா சொன்னது: "பாசம் வச்சுடாதீங்க மாமா. நீங்களே இவளை வச்சுக்கிட்டா அடுத்த நாய்க்கு இடம் இல்லாமப் போயிடும்."

பாசமா? நானா? ஆயிரம் மாட்டை ஏலத்தில் விற்றுத் தள்ளியவனுக்கா?

அக்டோபர் 8

மேசைக்கு அடியில்தான். நான் சோபாவில் உட்கார்ந்து சோளரொட்டி தின்றேன். என் வீட்டில் எனக்கு மேசை இல்லை.

அக்டோபர் 11

டோஸ்டரிலிருந்து ரொட்டி எகிறியது. மகாராணி குளியல் தொட்டிக்குள் அடைக்கலம். உலக யுத்தம் மூண்டால்கூட அவ்வளவு வேகமாக யாரும் பதுங்க முடியாது. டோஸ்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதற்கு முன்பே தொலைக்காட்சி, காப்பி அரைக்கும் இயந்திரம், என் பூட்ஸ். இப்படியே போனால் வீட்டில் மிஞ்சப்போவது நானும் சுவரும்தான்.

அவளைப் பார்க்காமல், முதுகைக் காட்டித் தரையில் உட்காரச் சொல்லியிருக்கிறாள் மார்லா. உட்கார்ந்தேன். வேகவைத்த சாசேஜைத் துண்டு துண்டாகப் பின்பக்கம் எறிந்தேன். எடுக்கிற சத்தம் கேட்டது. எடுக்கிறவளைப் பார்க்கக் கூடாது.

உட்கார்ந்தது சுலபம். என் வலது முழங்கால் எழுந்திருக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் நாற்காலியைப் பிடித்து, கடலில் மூழ்கிய கப்பலைத் தூக்குகிற மாதிரி என்னை நானே தூக்கினேன்.

அக்டோபர் 16

சும்மா முதுகைக் காட்டி எவ்வளவு நேரம் உட்கார்வது? வாய் சும்மா இருக்குமா? சாசேஜை ஏலம் விட ஆரம்பித்தேன். கிசுகிசு குரலில்தான்.

"ஒரு டாலர், ஒரு டாலர், யாரு ஒண்ணேகால், ஒண்ணேகால் கேட்டாச்சு, ஒண்ணரை யாரு, ஒண்ணரை, ஒண்ணரை... வித்தாச்சு!"

'வித்தாச்சு'க்கு ஒரு துண்டு. மறுபடி ஏலம், மறுபடி துண்டு. கடைசி ஏலத்தில் ஈரமான ஏதோ ஒன்று என் முழங்கையைத் தொட்டது.

மூக்கு.

திரும்பவில்லை. மூச்சுகூட விடவில்லை. இதை எழுதும்போதும் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. குளிர்தான், வேறென்ன?

அக்டோபர் 20

பக்கத்து வீட்டு டெல்மர் வந்தான். வாசலிலேயே நிறுத்திக் குசுகுசுவென்று பேசினேன். முகம் வெளுத்துப்போய்விட்டது அவனுக்கு.

"வெர்ன், தொண்டையிலயா? டாக்டர் என்ன சொல்றாரு?"

"நாய் தூங்குதுடா."

"நாயா? நாயி தூங்குதுன்னா நீ வாயை மூடிக்கிட்டு இருக்கே? உன் பொண்டாட்டி இருபது வருஷம் கெஞ்சிப் பார்த்தாளே, பாவம்!"

சாவதற்குள் பெர்னிஸ் இதைப் பார்த்திருக்க வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

அக்டோபர் 27

திருட்டு! வரலாறு காணாத கொள்ளை! அடுப்பு மேடையில் வைத்திருந்த முழு வெண்ணெய்க் கட்டியும் தாளோடு காலி. என்னை மறந்து, அந்தப் பழைய குரலில், ஆற்றுக்கு அக்கரை கேட்கிற மாதிரி, "அடி திருடி!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மகாராணி ஓடவில்லை. ஒரு காதைத் தூக்கினாள். மீசையில் ஒட்டியிருந்த வெண்ணெயை நக்கினாள். வாலை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தரையில் தட்டினாள்.

வெண்ணெய் போனால் போகிறது.

அக்டோபர் 30

இப்போது வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் 'வித்தாச்சு' என்றால் வந்து நிற்கிறாள். தன் பெயரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நவம்பர் 2

பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் மைதானத்தில் இனி வசந்தம்வரை ஆட்டமில்லை. சுற்றிலும் கம்பி வேலி. கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றைக் கழற்றச் சொல்லியிருந்தாள் மார்லா. கழற்றினேன்.

முதலில் நின்றாள். மூக்கைத் தரையில் வைத்தாள். அப்புறம் ஓடினாள்.

நான் பொய்க்காரன்தான், ஊரே அறியும். ஆனால் இதைக் கொஞ்சம்கூடப் பெரிதாக்காமல் எழுதுகிறேன்: மேசைக்கு அடியில் கிடந்த அந்த நாய் இல்லை இது. காதுகள் பின்னால் பறக்க, வேலி ஓரமாகச் சுற்றிச் சுற்றி, புல்லில் கால் படுகிறதா இல்லையா என்றே தெரியாமல்... என்னைக் கடக்கிற போதெல்லாம் 'நீயும் வாயேன்' என்பது போல ஒரு பார்வை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முழங்கால் தபால் பெட்டிவரை போய்த் திரும்பும். அதற்கு மேல் அதற்கு உத்தரவு இல்லை.

நவம்பர் 8

இன்று ஐவா டாக்கெட் என்கிற பெண் வந்தாள், மேபலை வளர்க்க எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க. ஐம்பது வயது இருக்கும். மலைக்காட்டில் நடைபாதைகளைச் சரிசெய்கிற வேலை. விழுந்த மரத்தை அறுப்பாள், மரங்களில் வழிகாட்டும் குறி தீட்டுவாள். நாள் முழுக்க நடை. அவளுடைய கிழட்டு நாய் வசந்தத்தில் செத்துப்போனதாம்.

நல்ல பெண். அதுதான் கஷ்டம்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. மேபல் ஒரே மூச்சில் ஒரு சோபாவைத் தின்றாள் என்றேன். ஸ்பிரிங்கைக்கூட விடவில்லை என்றேன். இவள் குறட்டையில் டெல்மர் வீட்டுப் புகைபோக்கி விரிசல் விட்டது, தபால்காரர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் புளோரிடாவுக்கே போய்விட்டார், இவளுக்கு வாரத்துக்கு ஒரு கன்றுக்குட்டி தீனி...

ஐவா முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. காப்பியைக் குடித்து முடித்தாள். "சரிங்க, யோசிச்சு சொல்றேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெற்றி. மாபெரும் வெற்றி.

நவம்பர் 9

மார்லா வந்து கத்தினாள். குசுகுசுவென்றே கத்தினாள், மேபல் தூங்குகிறாளே. அதுதான் இன்னும் உறைத்தது.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க? அந்தப் பொம்பளை மாதிரி ஆள் லட்சத்துல ஒருத்தி. நாள் பூரா காட்டுல நடக்கறவ! உங்களுக்கு மேபல் வேணும்னா வேணும்னு சொல்லுங்க. கையெழுத்துப் போடுங்க, வச்சுக்குங்க. யாரு வேணாங்கறா? அதை விட்டுட்டு எதுக்குப் பொய்?"

காப்பிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.  வேணும்தான். வேணும்னு சொல்ல வாய் வரலையே. ஏன்? அன்னிக்கு அந்த மைதானத்துல அவ ஓடினதைப் பார்த்துட்டேனே. பார்க்காம இருந்திருக்கலாம்.

நவம்பர் 11

தபால் பெட்டிவரை போனோம். என் முழங்கால் நின்றது, நானும் நின்றேன். மேபல் சாலைக்கு அப்பால் மலையைப் பார்த்தாள். மூக்கு காற்றில் துடித்தது. கயிற்றை இழுக்கவில்லை. இழுத்திருந்தால் திட்டியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானாகத் திரும்பி, என் நொண்டி நடைக்கு ஈடாக மெதுவாக வீட்டுக்கு நடந்தாள்.

வந்ததும் ஐவாவுக்குப் போன் செய்தேன்.

"மிஸ் டாக்கெட், அன்னிக்கு நான் சொன்னதுல கொஞ்சம்... கூட்டிச் சொல்லிட்டேன்."

"அந்தச் சோபாவைத் தின்ன கதையா? அந்தச் சோபா மேலதானே நான் உக்காந்திருந்தேன்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். 

"எங்கப்பா பழைய கார் வாங்கி வித்தவரு. விக்க மனசில்லாத ஆளோட அவரு பேரமே பேச மாட்டாரு, தொப்பியை எடுத்துக்கிட்டு வந்துடுவாரு. அவங்களே கூப்பிடுவாங்கம்பாரு. நீங்களும் கூப்பிட்டுட்டீங்க."

நவம்பர் 15

ஐவா வந்தாள். மூவரும் மைதானத்துக்குப் போனோம். மேபல் ஓடினாள். இந்தத் தடவை அவள் 'வாயேன்' என்று பார்த்தபோது ஐவா அவள் கூடவே ஓடினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐவாவின் வண்டியில் மேபலின் போர்வையை விரித்தேன். சாசேஜ் பொட்டலம் வைத்தேன். டோஸ்டர் ஜாக்கிரதை, வெண்ணெய் ஜாக்கிரதை என்றெல்லாம் சொன்னேன். ஏலத்தை முடிக்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அதைச் சொல்லிப் பிழைத்தவன். இன்று சொன்னால் வண்டியிலிருந்து குதித்து என்னிடம் வந்துவிடுவாள்.

நவம்பர் 16

டோஸ்டரை வெளியே எடுத்தேன். முழுக் குரலில் கத்திப் பார்த்தேன். யாரும் எங்கும் ஓடவில்லை.

நவம்பர் 18

ஐவா போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"மேசைக்கு அடியில போயி ஒடுங்கினவதான், வெளிய வரவே இல்ல. சாப்பிடல, தொடவிடல. என்ன பண்ணணும்னே தெரியல. பேசாம திருப்பிக் கொண்டாந்து விட்டுடட்டுமா?"

'கொண்டு வா' என்று நாக்கு நுனிவரை வந்தது. உண்மையாகவே வந்தது. அப்புறம்தான், முட்டாள் கிழவன், ஒன்று நினைவுக்கு வந்தது. எல்லாம் சொன்னவன் ஏலத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே!

"ஐவா, சாசேஜை எடுத்துக்க. தரையில உக்காரு, முதுகைக் காட்டி. போன்ல ஸ்பீக்கரைப் போடு. நான் ஏலம் விடறேன். நான் 'வித்தாச்சு'ன்னதும் நீ கையை நீட்டு."

"என்னது? ஏலமா?"

"சொல்றதைச் செய்யி பொண்ணே!"

குசுகுசுவென்று தொடங்கினேன். "ஒண்ணுமே கேக்கல, சத்தமா!" என்றாள் ஐவா. சரிதான், வருவது வரட்டும் என்று எழுந்து நின்றேன். நாற்பது வருடத்துக் குரலை அடியிலிருந்து அள்ளினேன். ஒரு டாலர், ஒண்ணேகால், ஒண்ணரை, ரெண்டு யாரு, ரெண்டு, ரெண்டு... ஜன்னல் அதிர்ந்தது. டெல்மர் வேலியருகே வந்து நின்று வாயைப் பிளந்தான்.

"...வித்தாச்சு!"

போனைக் காதோடு அழுத்தினேன். பிறகு நகங்கள் மரத்தரையில் நடக்கிற சத்தம். ஐவா மூச்சுக்குள்ளேயே, "வந்துட்டா... வாங்கிக்கிட்டா..."

அப்புறம் அந்தச் சத்தம். முதலில் தொண்டைக்குள் எங்கோ தாழ்வாக, தண்ணீர் வராத குழாயைத் திறந்த மாதிரி. பிறகு உடைந்து, மேலே ஏறி, நீண்டு, நீண்டுகொண்டே போய்... அவள் குரல். அவளிடம் குரல் இருந்தது! வேண்டாமென்று மலைமேல் விட்டுப்போன அந்த மடையனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

நானும் பதிலுக்கு ஊளையிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? டெல்மர் சாட்சி.

நவம்பர் 27

நன்றித் திருநாள். மார்லா வான்கோழியோடு வந்தாள். வண்டியின் பின்சீட்டில் இன்னொன்றும் இருந்தது: முயல் துரத்துகிற குட்டை இன நாய், ஒரு கண் மட்டும். கதவு சத்தத்துக்கே நடுங்குகிறது.

"பாசம் வச்சுடாதீங்க மாமா."

"சேச்சே" என்றேன், குசுகுசுவென்று. டோஸ்டர் அலமாரிக்கும், புதிய விருந்தாளி மேசைக்கு அடியிலும் போயாயிற்று. நானும் மார்லாவும் வான்கோழியைச் சோபாவில் உட்கார்ந்து தின்றோம்.