பெட்டி இரண்டு, வளையல் சத்தம் ஒன்று

ஞாயிறு, இரவு

இணையப் பாட்டுக் கேட்க மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்ட்ரீமர் பெட்டி வந்தது. அந்த விலைக்குப் படகுக்கு எஞ்சினே வாங்கலாம். மகள் சின்னக் கம்பியூட்டர் போர்டு ஒன்றைப் பிஸ்கட் வந்த தகர ரின்னுக்குள் பூட்டிச் செய்த பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. எது திறம் என்று பார்க்க, மறைந்த என் மனைவி கோயிலில் பாடிப் பதிவான பாட்டை மகள் போட்டாள்.

"அப்பா, சுவரைப் பாத்துக்கொண்டிருங்கோ. அண்ணாவின்ர பெட்டி எது எண்டு சொல்லுங்கோ."

பெரிய வித்துவான் மாதிரித் தலையாட்டிக் கேட்டேன். "ரெண்டாவது, பிள்ளை. காசுக்கேத்த சத்தம்."

"ரெண்டுதரமும் என்ர ரின்தான்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு மகனுடையதில் போட்டாள்.

"கடைசியில அம்மாவின்ர வளையல் சத்தம் ரெண்டிலயும் ஒரேமாதிரித்தான் கேக்குது, என்னப்பா?"

"ஓம்," என்றேன்.

பாடி முடித்துக் கையை இறக்கும்போது அவளுடைய வளையல் குலுங்கும். அதற்காகத்தான் அந்தப் பாட்டையே போடுவேன். இன்று மூன்று தரமும் காத்திருந்தேன். படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து இருந்தே பழுதான என் காதுக்கு எந்தப் பெட்டியிலும் அது வரவில்லை.

மகள் படுத்தபின் அலுமாரியிலிருந்து அந்த வளையல்களை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினேன். விரலில் அடிபடுவது மட்டும் தெரிந்தது.